சோக் தேவைப்படாத ஊர்

இருபதாம் வளைவில் எல்லாம் போட்டிருந்தேன்:
ஜெர்கின், கையுறை,
சட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே
நேற்றைய தினத்தாள், நான்காய் மடித்தது.
பனிக்காற்றுக்கு அதைவிட மலிவான கவசம் கிடையாது.
பின்சீட்டில் ஒரு சூட்கேஸ், குக்கர்,
பிளாஸ்டிக் உறைக்குள் மாறுதல் ஆணை.
மின் கணக்கீட்டாளர் ஜெசிந்தா,
ஏற்காட்டிலிருந்து சூரமங்கலத்துக்கு.
ஒரே வரி.
வெயிலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

பதினேழில் கையுறை கழன்றது.
பதிமூன்றில், ஒரு குரங்கு பார்த்துக்கொண்டிருக்க,
ஜிப்பை இறக்கினேன்.
ஒன்பதில் தினத்தாளை உருவினால்
ராசிபலன் பக்கம் வியர்வையில் கரைந்து
இடவலம் மாறி என் வயிற்றில் அச்சாகியிருந்தது.
துலாம்: பயணத்தில் அனுகூலம்.
நான்கில் காற்று
இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் ஆனது.
அடிவாரத்தில் ஹெல்மெட்டைக் கழற்ற
அடைத்த காது டப்பென்று திறந்தது.
மூன்று லாரியும் ஒரு கரும்புச்சாறு மெஷினும்
ஒன்றாய் உள்ளே வந்தன.

முதல் வாரம் முழுக்க
காலையில் என் இடது கட்டைவிரல் சோக்கைத் தேடியது.
மலையில் அதை இழுத்தும் ஐந்து உதை, ஆறு உதை,
பிறகு கெஞ்சல்.
இங்கே தொட்டதும் கிளம்புகிறது,
ராத்திரி தூங்கவே இல்லாதவளைப்போல.
நானும் தூங்கவில்லை.
மொட்டைமாடித் தளம் பகலில் வாங்கிய சூட்டை
விடியவிடியத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது,
தவணைமுறையில்.

மேலே மீட்டர் பெட்டியைத் திறந்தால் நத்தை இருக்கும்.
இங்கே மூடியே சுடுகிறது.
நாளைக்கு இருநூற்றுப் பத்து வீடு.
ஒவ்வொரு வீடு முடித்து வரும்போதும்
சீட் என்னைப் புதிதாகச் சுடும்.
“சாக்கை நனைச்சுப் போடும்மா” என்றார் ஒரு வீட்டுக்காரம்மா,
தன் யூனிட் அறுநூறைத் தாண்டியதைக் கேட்ட பிறகும்.

மூன்றாம் வாரம் வண்டி இருமத் தொடங்கியது.
ஐந்து ரோட்டுப் பின்சந்தில் மெக்கானிக் இத்ரீஸ்
கார்புரேட்டரைப் பிரித்து
கடுகளவு ஓட்டையுள்ள பித்தளை ஜெட்டை ஊதி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
“மலைக்கு செட் பண்ணது. அங்க காத்து மெலிசு,
பெட்ரோல் கொஞ்சமா குடுத்தாப் போதும்.
இங்க காத்து கெட்டி. அதுக்கேத்தாப்ல ஊத்தணும்.
இல்லன்னா உள்ளுக்குள்ளயே காஞ்சிரும்.”
வண்டியைத்தான் சொன்னார்.
மறுநாளிலிருந்து நான்
மூன்று லிட்டர் தண்ணீர் கட்டிக்கொண்டு போகிறேன்.

இந்த ஊர் பிடிக்கத் தொடங்கிய நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியும்.
ஏப்ரல். பிற்பகல் இரண்டு பத்து. சிக்னல்.
மலையில் சிக்னல் இல்லை,
காட்டெருமை உண்டு. அது நகரும்வரை நிற்போம்.
இங்கே சிவப்பு தொண்ணூறு நொடி.
நேராகப் போய்க் கோட்டில் நின்றேன்.
கோட்டில் வேறு ஒருவரும் இல்லை.

பின்னால் முப்பதடி தள்ளி
மேம்பாலத் தூணின் நிழல்
ஒரு துண்டு அகலத்துக்கு விழுந்திருந்தது.
அதற்குள் பதினோரு வண்டி:
கொலுசுப் பட்டறைப் பையன்,
ஜவ்வரிசி மூட்டையோடு ஒருவர்,
ஒரே வண்டியில் மூன்று கல்லூரிப் பிள்ளைகள்,
ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகி
யாருக்கோ சீட்டுப்பணக் கணக்குச் சொல்கிறவர்.
எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.
வெயிலில் தனியாக,
விதிப்படி நிற்கும் மலைக்காரியை.

ஒரு ஹாரன், சின்னதாக.
கொலுசுப் பையன் பேசவில்லை.
முன்சக்கரத்தை ஒரு சாண் ஒடித்து
இடம் காட்டினான்.

காலால் உந்தி உந்திப் பின்னோக்கிப் போனேன்.
கைப்பிடி உள்ளே வந்துவிட்டது. டேங்க் வந்துவிட்டது.
வலது தோள் மட்டும் வெளியே.
ஜவ்வரிசிக்காரர் இன்ஜினை அணைத்தார்,
நானும் அணைத்தேன்.
எண்பலகையில் இருபது.
பத்தொன்பது.
பதினெட்டு.